ஆறு நாள் தள்ளி ரீடிங் எடுத்ததற்கு நான் ஏன் காசு கட்ட வேண்டும்?

12.03.2023, ஞாயிறு, மதியம்

"ஓடின யூனிட்டுக்குத்தானே பில் வருது? ரீடிங் எடுக்கிறவர் நாலு நாள் முன்னே பின்னே வந்தா என்ன ஆயிடப் போகுது? அடுத்த பில்லுல சரியாயிடும்." இங்கே ஒருவர் போன வாரம் இப்படி எழுதியிருந்தார். வெள்ளிக்கிழமை மின்வாரியப் பிரிவு ஆபீஸ் கவுண்டரில் எனக்குக் கிடைத்த பதிலும் எழுத்துப் பிசகாமல் இதேதான். இல்லை, சரியாவதில்லை. அதைச் சொல்லத்தான் இதை ஆரம்பிக்கிறேன்.

திருப்பூருக்கு வடக்கே, தோட்டத்தை ஒட்டிய வீடு. நான், வீட்டுக்காரர், அத்தை, இரண்டு பிள்ளைகள். ஒரு ஃப்ரிட்ஜ், கிரைண்டர், ஒரு எச்.பி. மோட்டார், நாலு ஃபேன். ஏ.சி. கிடையாது. இரண்டு மாதத்துக்கு 450-லிருந்து 480 யூனிட் ஆகும், 500-ஐ ஒருநாளும் தொட்டதில்லை. அதற்காகவே சனிக்கிழமை ஒரு நாளில் மொத்தமாக அயர்ன் பண்ணுகிற வீடு இது. இந்த முறை அட்டையில் 520 யூனிட், 2,110 ரூபாய். போன முறை ரீடிங் எடுத்தது ஜனவரி 2. இந்த முறை மார்ச் 9. அறுபது நாளில் வர வேண்டியவர் 67 நாள் கழித்து வந்திருக்கிறார்.

12.03.2023, இரவு

நாள் கணக்கில் தப்பு செய்துவிட்டேன். 67 அல்ல, 66. முதல் நாளையும் கடைசி நாளையும் சேர்த்து எண்ணியிருக்கிறேன். மகன்தான் காலண்டரை வைத்துக்கொண்டு சொன்னான்.

சரி, இப்போது கணக்கு. 66 நாளில் 520 யூனிட் என்றால் 60 நாளில் 472. 2022 செப்டம்பர் 10-லிருந்து அமலுக்கு வந்த கட்டணப்படி 500-க்குள் இருந்தால் முதல் 100 இலவசம், அடுத்த 100-க்கு 2.25, அடுத்த 200-க்கு 4.50, அதற்கு மேல் 6 ரூபாய். 472-க்கு 1,557 ரூபாய் வரும். நான் கட்ட வேண்டியிருப்பது 2,110. வித்தியாசம் 553. நாங்கள் ஒரு சுவிட்சும் கூடுதலாகப் போடவில்லை.

500-ஐத் தாண்டினால் அந்த 20 யூனிட்டுக்கு மட்டும் 8 ரூபாய் என்று பலர் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அது பாதிதான். தாண்டியதும் 101-லிருந்து 200 வரைக்கும் இருந்த 2.25 போய், அங்கேயும் 4.50 ஆகிவிடுகிறது. 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 501-க்கு 1,958. அந்த ஒரே ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய். ஒருமுறை எழுதிப் பார்த்துவிட்டு நம்பிக்கையில்லாமல் மறுபடி எழுதிப் பார்த்தேன்.

14.03.2023

"மீட்டர் ஓட்டமா ஓடுதோ என்னமோ, சோதிக்கச் சொல்லுங்க" என்று இரண்டு பேர் சொன்னதால் இதைத் தனியாக எழுதுகிறேன். என் சண்டை மீட்டரோடு இல்லை. ஆனாலும் பார்த்துவிட்டேன்.

மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு துடிக்கும். பக்கத்திலேயே ஒரு யூனிட்டுக்கு எத்தனை துடிப்பு என்று அச்சிட்டிருக்கும். எங்கள் மீட்டரில் 3200. வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, வாளித் தண்ணீரில் ஆயிரம் வாட் ராடு ஒன்றை மட்டும் போட்டு, ஒரு நிமிடம் எண்ணினேன். 53 வர வேண்டும். 51 வந்தது. எங்கள் பக்கம் பொழுதோட வோல்டேஜ் கொஞ்சம் இறங்கும், அதற்கு இது சரிதான்.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். மெயின் போட்டிருக்க, மற்ற எல்லா சுவிட்சையும் அணைத்து, ஃப்ரிட்ஜ் பிளக்கையும் பிடுங்கிவிட்டால் அந்த விளக்கு துடிக்கக் கூடாது. துடித்தால் எங்கேயோ கரண்ட் போகிறது. எங்கள் வீட்டில் துடிக்கவில்லை. ஐந்து நிமிடம் அத்தையும் நானும் மீட்டர் பெட்டிக்கு முன்னால் மூச்சுவிடாமல் நின்றோம்.

15.03.2023

நேற்று இரண்டாம் முறை ஆபீஸ் போனேன். ஏ.இ. (உதவிப் பொறியாளர்) சைட்டுக்குப் போயிருந்தார். கணக்குப் பார்க்கும் அம்மா, "மெஷின்ல ரீடிங் போட்டா அதுவே கணக்குப் போட்டுக்குதுங்க, நாங்க கை வைக்க முடியாதுங்க" என்றார். மரியாதையாகத்தான் பேசினார். ஆறு நாள் தாமதத்துக்கு யார் பொறுப்பு என்றதும், "ஆள் பத்தலைங்க. ஒருத்தரே மூணு ஏரியா பார்க்கிறாரு" என்றார். அதுவும் உண்மையாக இருக்கலாம். ரீடிங் எடுக்க வருகிறவர் வெயிலில் வண்டியை நிறுத்திவிட்டு ஓட்டமும் நடையுமாகப் போவதைப் பார்க்கிறேன். அவர்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் ஆள் போதாததற்கான காசு என் அட்டையில் ஏன் ஏறுகிறது?

வாயால் சொன்னது போதும், எழுதிக் கொடுக்கப் போகிறேன்.

19.03.2023, ஞாயிறு

வெள்ளிக்கிழமை மனு கொடுத்தேன். ஒரே பக்கம்: இணைப்பு எண், இரண்டு ரீடிங் தேதி, இரண்டு ரீடிங், நாள் எண்ணிக்கை, கணக்கு. 'அறுபது நாளுக்குக் கணக்கிட்டுத் தரவும்' என்று ஒரே கோரிக்கை. இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றில் சீல் வைத்துத் தரச் சொன்னேன். "மனுவை வாங்கிக்கிறோம், சீல் எதுக்குங்க?" என்றார்கள். "நான் கொடுத்தேன்கிறதுக்குங்க" என்றேன். மேஜை டிராயரைத் திறந்து, மூடி, எதிர் மேஜையில் தேடி, கடைசியில் சீல் கிடைத்தது. மை காய்ந்திருந்தது. அந்த அண்ணன் சீலை வாய்க்கு அருகே கொண்டுபோய் ஊதிவிட்டு அழுத்தினார். பாதி வட்டமும் தேதியில் 17-ம் மட்டும் விழுந்தன. மறுபடி அழுத்தச் சொன்னேன். மூன்றாவது தடவைதான் முழுதாக விழுந்தது. பின்னால் நின்றவர்களுக்கு என்னால் தாமதம்தான், தெரிகிறது. ஆனால் சீல் இல்லாத மனு, கொடுக்காத மனுதான்.

காங்கேயத்திலிருந்து ஒருவர், எப்போதும் 300 யூனிட் வரும் வீட்டில் 1,140 வந்திருக்கிறது என்று கேட்டிருந்தார். 14-ஆம் தேதி எழுதியதைச் செய்து பாருங்கள். மெயினை அணைத்துவிட்டு, அக்கம்பக்கத்தில் எதுவும் நிற்கிறதா என்றும் பாருங்கள்.

27.03.2023

பணத்தைக் கட்டிவிட்டேன். "கட்டாம விட்டாத்தானே கேப்பாங்க" என்று சிலர் சொன்னீர்கள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னீர்கள், ஆனால் பிள்ளைகளுக்குப் பரீட்சை நேரம், ஃபியூஸைப் பிடுங்கிவிட்டால் யார் வந்து படிக்க வைப்பது. ரீடிங் எடுத்த நாளிலிருந்து இருபது நாள்தான் கெடு.

தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. 2003 மின்சாரச் சட்டம் 56-ஆம் பிரிவின்படி பில்லில் தகராறு இருந்தால், கேட்ட தொகை அல்லது முந்தைய ஆறு மாதச் சராசரி, இதில் எது குறைவோ அதை ஆட்சேபத்தோடு கட்டினால் தீர்வு வரும்வரை இணைப்பைத் துண்டிக்கக் கூடாது. இதைக் கவுண்டரில் சொன்னேன். "அப்படிக் கட்ட மெஷின்ல வழி இல்லைங்க" என்றார்கள். அதனால் முழுத் தொகையையும் கட்டி, 'ஆட்சேபத்துடன் கட்டுகிறேன்' என்று ஒரு கடிதமும் சேர்த்துக் கொடுத்து, அதற்கும் சீல் வாங்கினேன். இந்த முறை ஒரே அழுத்தில் விழுந்தது.

27.03.2023, பிற்பாடு

காங்கேயத்துக்காரர் எழுதியிருக்கிறார். மெயினை அணைத்ததும் மாடி வீட்டுக்காரரின் தண்ணி மோட்டார் நின்றுவிட்டதாம். வீடு கட்டும்போது வயரிங் செய்தவர் மாடி மோட்டாரையும் படிக்கட்டு விளக்கையும் கீழ் வீட்டு மீட்டரில் சேர்த்துவிட்டுப் போயிருக்கிறார். மாடியில் ஆள் குடிவந்தது டிசம்பரில்தான். அவர் பாடு வீட்டு ஓனரோடு முடிந்துவிடும். என் பாடு அப்படியே இருக்கிறது.

02.04.2023, ஞாயிறு

"553 ரூபாய்க்கா இத்தனை நடை? பெட்ரோலுக்கே சரியாப் போச்சு" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதற்கு நான் யோசித்துத்தான் பதில் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்தில் கரண்ட் காசு சின்ன விஷயமாக ஒருநாளும் இருந்ததில்லை. பெருமாநல்லூர் எங்களுக்குப் பக்கம். 1970 ஜூன் 19-ஆம் தேதி அங்கே துப்பாக்கிச்சூட்டில் மூன்று விவசாயிகள் செத்துப்போனார்கள். அவர்கள் கேட்டது யூனிட்டுக்கு ஒரு பைசா குறைப்பு. 1972-ல் விவசாயிகள் தலைவர் நாராயணசாமி நாயுடு தலைமையில் மாட்டுவண்டிகளைக் கோயமுத்தூருக்குள் கொண்டுபோய் நிறுத்தினார்களே, அதில் அத்தையின் ஐயன் ஓட்டிப்போன வண்டியும் ஒன்று. அத்தைக்கு அப்போது பதினோரு வயது. வண்டி திரும்பி வந்தபோது ஐயனுக்கு முன்னால் மாட்டுக்குத்தான் தண்ணி காட்டினார்களாம், அதை மட்டும் நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறார். தோட்டத்து மோட்டாருக்கு 1989-க்குப் பிறகு எல்லோருக்கும் இலவசமானது தானாக வந்ததில்லை.

நான் அவர்களோடு என்னைச் சேர்த்துப் பேசவில்லை. ஒரு பைசாவை ஒரு பைசா என்று பார்க்காத மனுஷர்கள் இருந்த ஊரில், 553 ரூபாயைப் போனால் போகிறது என்று விட எனக்கு மனசு வரவில்லை. அவ்வளவுதான்.

கொழுந்தனாருக்குச் சோமனூரில் தறி இருக்கிறது. விசைத்தறிக்கு 750 யூனிட்டாக இருந்த இலவசத்தை மார்ச் 1-லிருந்து 1,000 ஆக்கியிருக்கிறார்கள். அவருக்கும் ரீடிங் தேதி முக்கியம்தான். "அண்ணி, ஒவ்வொரு பில்லுக்கும் தேதியை எழுதி வையுங்க, நாங்க இருபது வருஷமா அப்படித்தான்" என்றார். நான் மார்ச் 9-லிருந்து தினமும் இராத்திரி ஒன்பது மணிக்கு மீட்டரைப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். நாளுக்கு 7, 8, 8, 7 யூனிட். சனிக்கிழமை மட்டும் 10.

05.04.2023

அத்தை இன்று பீரோவிலிருந்து ஒரு மஞ்சப்பையை எடுத்து வந்தார். 1994-லிருந்து எல்லா வெள்ளை அட்டைகளும் அதில் இருக்கின்றன. ரப்பர் பேண்டு உருகி அட்டையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. சிலவற்றில் கரப்பான் கடித்த ஓரம், ஒன்றில் மஞ்சள் கறை. ஒவ்வொரு வரியிலும் தேதி, ரீடிங், யூனிட், தொகை, ஒரு கிறுக்கல் கையெழுத்து. உட்கார்ந்து தேதிகளை மட்டும் பார்த்தேன். ஆரம்ப வருஷங்களில் 59, 60, 61 என்றே போகிறது. கடைசி மூன்று வருஷத்தில்தான் 55, 64, 58, 65.

03.05.2023, புதன்

நேற்று ரீடிங் எடுத்தார்கள். மார்ச் 9-லிருந்து 54 நாள். 425 யூனிட், 1,275 ரூபாய்.

54 நாள்! அப்படியானால் அந்த 'அடுத்த பில்லுல சரியாயிடும்' நடந்துவிட்டதா? இராத்திரி தூக்கம் வரவில்லை, எழுந்து உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன்.

04.05.2023

முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியது: 553 என்று நான் சொல்லிக்கொண்டிருந்தது தவறு. மனுவிலும் அதையே எழுதிவிட்டேன்.

ஜனவரி 2-லிருந்து மே 2 வரை சரியாக 120 நாள். மொத்தம் 945 யூனிட். அறுபது அறுபதாக எடுத்திருந்தால் 472-ம் 473-ம். அதாவது 1,557-ம் 1,563-ம் சேர்ந்து 3,120 ரூபாய். நான் கட்டுவது 2,110-ம் 1,275-ம், ஆக 3,385. உண்மையான நட்டம் 265 ரூபாய். கவுண்டரில் சொன்னதில் பாதி சரி, அதை மறைக்க மாட்டேன். 288 ரூபாய் இந்த பில்லில் திரும்பி வந்துவிட்டது.

ஆனால் அந்த 265 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 500-ஐத் தாண்டியதால் 101-லிருந்து 200 வரை போன சலுகை, நூறு யூனிட்டுக்கு 2.25 வீதம் 225 ரூபாய். தாண்டிய 20 யூனிட்டுக்கு ஆறுக்குப் பதில் எட்டு, அது 40 ரூபாய். 225-ம் 40-ம் 265. ஒரு பைசா இடிக்கவில்லை. இந்தக் காசு அடுத்த பில்லிலும் வராது, அதற்கடுத்த பில்லிலும் வராது. 500-ஐத் தாண்டிய அன்றைக்குப் போனது போனதுதான்.

கணக்கு இப்படி விழுந்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. இரண்டு மாதமாக நான் ஏதோ தெரியாமல் பேசுகிறேன் என்ற மாதிரிதான் எல்லோரும் பார்த்தார்கள். வீட்டுக்காரரும்தான்.

09.05.2023

புதுக் கணக்கோடு ஏ.இ.யைப் பார்த்தேன். முதல் முறையாக ஒருவர் பேனாவை எடுத்து என் கூடவே போட்டுப் பார்த்தார். 265 வந்ததும், "கணக்கு சரிங்க" என்றார். அதைக் கேட்க எனக்கு அறுபது நாள் ஆகியிருக்கிறது. "ஆனா இதை மாத்த எனக்கு அதிகாரம் இல்லைங்க. குறைதீர்க்கும் மன்றத்துல போடுங்க" என்று வழியும் சொன்னார்.

கேட்டவர்களுக்காக: ஒவ்வொரு மின் பகிர்மான வட்டத்திலும் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் உண்டு. மேற்பார்வைப் பொறியாளர்தான் தலைவர். வக்கீல் வேண்டாம், வெள்ளைத்தாளில் எழுதினால் போதும். அங்கே தீராவிட்டால் சென்னையில் மின்குறை தீர்ப்பாளர் இருக்கிறார். முதலில் பிரிவு ஆபீஸில் கொடுத்த மனுவின் நகலையும் இணைத்துக் கொடுங்கள். சீல் வாங்கியது இதற்குத்தான் உதவும்.

02.07.2023, ஞாயிறு

வெள்ளிக்கிழமை ரீடிங் எடுக்க வந்தார். 59-ஆம் நாள். கேட்டைத் திறந்ததும், "அக்கா, உங்க வீட்டுக்குத்தான் முதல்ல வந்தேனுங்க" என்றார். மோர் கொடுத்தேன். குடித்துவிட்டு, தெருவில் மற்ற வீடுகளுக்குப் போகாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அப்போதே மனசுக்கு என்னமோ போலிருந்தது.

09.07.2023, ஞாயிறு

தெருவின் மற்ற வீடுகளுக்கு வெள்ளிக்கிழமைதான் வந்திருக்கிறார். அவர்களுக்கும் போன ரீடிங் மே 2-தான். 66 நாள்.

எனக்கு வேண்டியது இது இல்லை. என் வாயை அடைக்க என் வீட்டுக்கு மட்டும் முதலில் வருவதா? அந்த வேகாத வெயிலில் ஒரு வீட்டுக்காக ஒரு நடை வந்துவிட்டுப் போன மனுஷருக்கும் அது வேதனைதானே. இன்று காலை வீடு வீடாகப் போய் அட்டைகளைப் பார்த்தேன். லைன் வீட்டில் ஏழு குடும்பம், எல்லோரும் 150, 180 யூனிட். அவர்களுக்கு ஆறு நாள் தள்ளிப்போனாலும் அடுத்த பில்லில் அனேகமாகச் சமனாகிவிடும், நான் போட்டுக் காட்டினேன். ஏ.சி. வைத்த இரண்டு வீடு எப்போதும் 800-க்கு மேல், அவர்களுக்கும் இதில் பெரிய மாற்றமில்லை. அடிபடுவது 450-க்கும் 500-க்கும் நடுவே பார்த்துப் பார்த்து ஓட்டுகிற வீடுகள். அப்படி எங்கள் தெருவில் இன்னும் மூன்று இருக்கின்றன. இந்த முறை மூன்றுமே 500-ஐத் தாண்டியிருக்கின்றன: 507, 516, 531.

507 வந்திருப்பது தனியாக இருக்கும் ஓர் அம்மாயி வீடு. நோம்பிக்கு ஒரம்பரை (பண்டிகைக்குச் சொந்தக்காரர்கள்) வந்ததால் ஏறிவிட்டது என்று தன்னையே குறை சொல்லிக்கொண்டு இருந்தார். "இல்லீங்க அம்மாயி, உங்க பேர்ல தப்பு இல்லைங்க" என்று அட்டையின் ஓரத்தில் தேதியை எண்ணிக் காட்டினேன். 66 நாளில் 507 என்றால் 60 நாளில் 460.

15.07.2023

மன்றத்துக்கான மனுவில் இப்போது நான்கு இணைப்பு எண்கள். கோரிக்கையையும் மாற்றி எழுதினோம்: இந்த நாலு அட்டைக்கு மட்டும் இல்லை, எந்த அட்டையானாலும் அறுபது நாளுக்கு மேல் ரீடிங் தள்ளினால் யூனிட்டை நாளால் வகுத்து அறுபது நாளுக்கான அடுக்கில் கணக்கிட வேண்டும். மகன் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று அவனையே எழுதச் சொன்னோம். அம்மாயி கைநாட்டு வைக்க மாட்டேன் என்று சொல்லி, மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, பேர் முழுதும் எழுதினார்.

28.07.2023

விசாரணைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்துவிட்டது. அடுத்த மாதம், காலை 11 மணிக்கு, நாலு பேரையும். அத்தையும் வருகிறாராம். மஞ்சப்பையை இப்போதே கதவுக்குப் பின்னால் மாட்டி வைத்திருக்கிறார். உருகின ரப்பர் பேண்டை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, வருஷ வாரியாக அட்டைகளை அடுக்கி, நூல் போட்டுக் கட்டியாயிற்று.